ஜாமினி றோயும் பட்டுவா மரபும்: ஒரு வரலாற்று நோக்கு

இந்தியாவின் நவீன ஓவிய வரலாற்றைப் பிரித்தானியர் ஆட்சிக்காலத்தில் நிறுவப்பட்ட கலைக் கல்லூரிகளிலிருந்து தொடங்குவதே வழக்கமாகும். சென்னையில் 1850 இலும், கல்கத்தாவில் 1854 இலும், பம்பாயில் 1857 இலும் தோன்றிய இக்கல்லூரிகள் ஆரம்பத்திற் கைவினைஞருக்குத் தொழிற்பயிற்சி அளிப்பதை நோக்கமாகக் கொண்டிருந்தன. நாளடைவில் அவை ஐரோப்பிய முறையில் உருவம் வரைதல், ஒளி நிழல் காட்டுதல், எண்ணெய் வண்ணந் தீட்டுதல் ஆகியவற்றைக் கற்பிக்கும் நிலையங்களாக மாறின. இவற்றின் வழியாகப் புதியதொரு சமூக மனிதனும் தோன்றினான். குலத்தொழிலாக ஓவியம் வரைந்த பெயரறியாக் கைவினைஞனுக்குப் பதிலாக, தன் பெயரைப் படத்திற் பொறித்து, கண்காட்சியில் வைத்து, விலை கூறி விற்கும் தனிமனித ஓவியனே அவன்.

இவ்வாறு தோன்றிய ஓவியன் தன் நாட்டின் மரபோடு எத்தகைய உறவு பூணுவது என்னும் வினா தொடக்கத்திலிருந்தே எழுந்தது. இரவிவர்மா (1848–1906) ஐரோப்பிய எண்ணெய் வண்ண முறையிற் புராணக் காட்சிகளைத் தீட்டி ஒரு விடை தந்தார். அபனீந்திரநாத் தாகூர் (1871–1951) அஜந்தா, முகலாய, யப்பானிய ஓவிய முறைகளை நாடி மற்றொரு விடை தந்தார. இருவரும் நோக்கியவை காவியங்களும் அரசவைகளும் விட்டுச்சென்ற உயர்மரபினையே. கிராமத்துத் தெருக்களிற் பாடித்திரிந்த பட ஓவியரை நோக்கிச் சென்று மூன்றாவது விடையொன்றைத் தேடியவர் ஜாமினி றோய் (1887–1972) ஆவார். அவர் அடைந்த விடை யாது, அது யாருக்குப் பயன்பட்டது, அது எங்கு வந்து முடிந்தது என்பவற்றை வரலாற்று அடிப்படையில் நோக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

ஜாமினி றோய் 1887 ஏப்ரலில் வங்காளத்தின் பாங்குரா மாவட்டத்திலுள்ள பெலியாதோர் என்னுங் கிராமத்தில், ஓரளவு நிலவசதி படைத்த குடும்பமொன்றிற் பிறந்தார். அவருடைய தந்தையார் இராம்தரண் றோய் அரசாங்க உத்தியோகத்தைத் துறந்து கிராமத்துக்குத் திரும்பியவர், ஓவியத்தில் ஈடுபாடுடையவர். பாங்குரா வட்டாரம் சுடுமண் கலைக்குப் பெயர்பெற்றது. விஷ்ணுபூரில் மல்ல மன்னர் எழுப்பிய கோயில்களின் சுவர்களிற் சுடுமண் சிற்பப் பலகைகள் நிறைந்திருக்கின்றன. பாஞ்ச்முரா என்னும் ஊரின் குயவர் செய்யும் நீண்ட கழுத்துடைய மண்குதிரைகள் இன்றும் அவ்வட்டாரத்தின் அடையாளமாக விளங்குகின்றன. சாந்தால் பழங்குடியினரின் வாழ்விடங்களும் இப்பகுதியிலே உள்ளன. ஜாமினி றோயின் பிற்கால ஓவியங்களிற் காணப்படும் தடித்த உருவங்கள், சாந்தால் நடனப் பெண்கள், பொம்மையை ஒத்த குதிரைகள், யானைகள் என்பன இச்சூழலிலிருந்து பெறப்பட்டவை என்பது வெளிப்படை. ஆயினும் இச்செல்வத்தை அவர் கண்டுகொள்வதற்கு ஏறத்தாழ இருபது ஆண்டுகள் கல்கத்தா நகரில் வாழவேண்டியிருந்தது.

1903 ஆம் ஆண்டு, பதினாறாவது வயதில், அவர் கல்கத்தா அரசினர் ஓவியக் கல்லூரியிற் சேர்ந்தார். அப்போது அக்கல்லூரியின் அதிபராக இருந்த ஈ. பி. ஹாவெல், இந்தியக் கலையைப் பாடத்திட்டத்தின் நடுவே வைக்கவேண்டுமென வாதிட்டவர். அபனீந்திரநாத் 1905 இல் அங்கு உப அதிபரானார். அதே ஆண்டில் வங்கப் பிரிவினை நிகழ்ந்தது; சுதேசி இயக்கம் கொழுந்துவிட்டெரிந்தது; அபனீந்திரநாத்தின் 'பாரத மாதா' ஓவியமும் அவ்வாண்டிலேயே தோன்றியது. இத்தகைய கொந்தளிப்பின் நடுவே பயின்றபோதிலும், ஜாமினி றோய் கல்லூரியிற் பெற்ற தேர்ச்சி ஐரோப்பிய முறையிலான உருவப்பட ஓவியத்திலேயே அமைந்தது. அதன் பின்னர் பல ஆண்டுகள் கல்கத்தாவின் வசதிபடைத்தோருக்கு எண்ணெய் வண்ண உருவப்படங்கள் வரைந்தே அவர் வாழ்க்கை நடத்தினார். பிரான்சிய பின் மனப்பதிவுவாத ஓவியரின் சாயலில் இயற்கைக் காட்சிகளையும் தீட்டினார். கைத்திறனில் அவருக்குக் குறைவிருக்கவில்லை, வாடிக்கையாளரும் இருந்தனர். எனவே 1920களில் அவரிடம் ஏற்பட்ட மாற்றத்தை, தோல்வியுற்ற ஓவியனொருவன் தேடிய மாற்றுவழியாகக் கொள்ளுதல் பொருந்தாது.

அம்மாற்றத்தின் காரணங்களைத் தனிமனித மனவெழுச்சியில் மட்டும் தேடாது காலப் பின்னணியிலும் தேடுதல் வேண்டும். முதலாம் உலகப் போருக்குப் பின்னர் இந்தியத் தேசியம் நகரத்துப் படித்தோரின் மண்டபங்களைக் கடந்து கிராமத்தை நோக்கித் திரும்பியது. 1920 இல் காந்தியடிகள் தொடங்கிய ஒத்துழையாமை இயக்கம் இராட்டையையும் கதரையும் அரசியற் சின்னங்களாக்கியது. இரவீந்திரநாத் தாகூர் 1922 இல் ஸ்ரீநிகேதனத்திற் கிராமப் புனரமைப்பு நிலையத்தை நிறுவினார். தக்ஷிணாரஞ்சன் மித்ர மஜும்தார் தொகுத்த நாட்டார் கதைகள் 1907 இலேயே வெளிவந்திருந்தன. தினேஷ் சந்திர சென் பதிப்பித்த மைமன்சிங் கதைப்பாடல்கள் 1923 இல் கல்கத்தாப் பல்கலைக்கழக வெளியீடாக வந்தன. வங்க மத்தியதர வர்க்கம், தான் விட்டுவந்த கிராமத்தைத் தன் பண்பாட்டின் ஊற்றாகக் கண்டுகொண்ட காலம் இது. ஜாமினி றோயின் திருப்பம் இப்பொதுப் போக்கின் ஓவியத்துறை வெளிப்பாடு எனலாம்.

அவர் எதை நோக்கித் திரும்பினார் என்பதை விளங்கிக்கொள்வதற்குப் பட்டுவாக்களைப் பற்றிச் சிறிது அறிதல் அவசியமாகும். துணி எனப் பொருள்படும் 'பட' என்னும் வடசொல்லின் அடியாக, வங்காளத்திற் சுருளோவியம் 'பட்' எனவும், அதை வரைவோர் பட்டுவா எனவும், சித்திரகார் எனவும் வழங்கப்பட்டனர். இவர்கள் இராமாயணக் கதை, கிருஷ்ண லீலை, யமலோகத் தண்டனைகள் முதலியவற்றை நீண்ட சுருள்களில் வரைந்து, ஊரூராகச் சென்று, சுருளை மெல்ல விரித்துக்காட்டிக் கதையைப் பாடி, அரிசியும் காசும் பெற்றனர். இந்துக்களின் தெய்வக் கதைகளைப் பாடிய இவர்களுட் பலர் இஸ்லாமிய வழக்கங்களையும் பின்பற்றினர். இரு சமயப் பெயர்களையும் தாங்கினர். அதனால் இரு சமூகத்தாராலும் ஒதுக்கிவைக்கப்பட்டனர். சாந்தால் மக்களிடையே சென்ற ஜாது பட்டுவாக்கள், இறந்தவரின் உருவத்தைக் கண்மணியின்றி வரைந்து வந்து, உறவினர் கொடை அளித்த பின்னரே கண்மணியைத் தீட்டி, இறந்தவருக்குப் பார்வை அளித்ததாகக் கூறுவர். ஓவியமும் பாடலும் சடங்கும் பிழைப்பும் பிரிக்கமுடியாதவாறு இணைந்திருந்த தொழில் அது.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் இப்பட்டுவாக்களிற் சிலர் கல்கத்தாவின் காளிகாட் கோயிலைச் சுற்றிக் குடியேறினர். யாத்திரிகர் கூட்டம் பெருகிய அவ்விடத்தில் நீண்ட சுருள் வரைய நேரமில்லை. ஆலைக் காகிதத்தில், நீர்வண்ணத்தில், விரைந்த தூரிகை வீச்சிற் தனிப்படங்களை வரைந்து குறைந்த விலைக்கு விற்றனர். குடும்பத்தில் ஒருவர் கோடு வரைய, மற்றவர் வண்ணம் நிரப்புவர். தெய்வங்களோடு நகரத்துச் சீமான்களின் போலி நாகரிகமும் அவர்களது தூரிகைக்கு இலக்காயிற்று. தாரகேசுவர ஆலய மகந்தையும் ஏலோகேசி என்னும் பெண்ணையும் பற்றிய 1873 ஆம் ஆண்டுக் கொலை வழக்கு எண்ணற்ற படங்களுக்குப் பொருளாயிற்று. நெற்றியிற் திலகமும் வாயில் இறாலுமாக நிற்கும் பூனை, போலித் துறவியைக் கேலிசெய்யும் சின்னமாயிற்று. எனினும் அச்சுப் படங்கள் இத்தொழிலை வீழ்த்தின. இரவிவர்மா 1894 இல் நிறுவிய அச்சகத்தின் தெய்வப் படங்களும், செருமனியில் அச்சாகி இறக்குமதியான படங்களும் கையால் வரைந்த படத்தைவிட மலிவாகவும் பளபளப்பாகவும் இருந்தன. இருபதாம் நூற்றாண்டின் முதல் மூன்று தசாப்தங்களுள் காளிகாட் ஓவியம் ஒரு தொழிலாக ஏறத்தாழ மறைந்துபோயிற்று. ஜாமினி றோய் அதனிடம் வந்து சேர்ந்த வேளை, அது அழிந்துகொண்டிருந்த வேளையாகும் என்பது மனங்கொள்ளத்தக்கது.

முதலிற் காளிகாட் ஓவியரின் கோட்டினையே அவர் பயின்றார். எண்ணெய் வண்ணத்தைக் கைவிட்டு, விளக்குக் கரியிற் தோய்த்த தூரிகையால், தடித்து மெலியும் ஒரே வீச்சிற் பெண்ணுருவங்களையும் தாயையும் சேயையும் வரைந்தார். ஆனாற் காளிகாட் ஓவியம் நகரத்தின் சந்தைக்கேற்பத் திரிந்துவிட்டதென்னும் எண்ணம் விரைவில் அவரிடம் வலுப்பெற்றது. ஆதலால் அதற்கும் முந்திய ஊற்றாகிய பாங்குரா, மிட்னாப்பூர், பீர்பூம் ஆகிய பகுதிகளின் கிராமியப் பட்டுவா ஓவியத்தை நோக்கிச் சென்றார். 1930களில் அவருடைய பாணி முழு உருப்பெற்றது. ஒளியும் நிழலும் ஒழிந்தன, தூரக்காட்சி ஒழிந்தது. உறுதியான புறக்கோட்டினுள் தட்டையான வண்ணங்கள் நிரப்பப்பட்டன. காதளவு நீண்ட மீன்விழிகள், முன்னோக்கி நிற்கும் அசைவற்ற உருவங்கள், ஓரத்தில் எளிய அலங்காரப் பட்டி என்பன அவருடைய இலச்சினைகளாயின. ஐரோப்பிய ஓவியக் கல்வியில் இளமையிலே பெற்ற தேர்ச்சியை ஒவ்வொன்றாக நீக்கிக்கொண்டே சென்று இந்த எளிமையை அவர் எய்தினார். ஆதலின் பட்டுவாவின் எளிமையும் இவருடைய எளிமையும் தோற்றத்தில் ஒத்திருப்பினும் பிறப்பில் வேறானவை. முன்னது கையிற் பழகிய வழக்கம். பின்னது அறிந்து செய்த தெரிவு. அவரை நவீன ஓவியர் என்று கொள்வதற்கு இத்தெரிவே முதற்காரணமாகும்.

அவருடைய மாற்றம் உருவத்தோடு நின்றுவிடவில்லை. படம் ஆக்கப்படும் முறையையும் விற்கப்படும் முறையையும் அவர் மாற்ற முனைந்தார். அவரைப் பற்றி எழுதுவோர் பலர் போதிய கவனஞ் செலுத்தாத பகுதி இதுவேயாகும். இறக்குமதியான கித்தானையும் எண்ணெய் வண்ணக் குழாய்களையும் தவிர்த்து, துணி, பாய், பலகை, தடித்த அட்டை முதலியவற்றிற் சுண்ணமும் மண்ணும் பூசித் தளம் அமைத்தார். செம்மண், காவிக்கல், அவுரி நீலம், சுண்ணாம்பு, விளக்குக் கரி ஆகியவற்றிலிருந்து வண்ணம் பெற்றார். அவ்வண்ணத்தைப் பிணைக்கப் புளியங்கொட்டைப் பசையைப் பயன்படுத்தினார். சுதேசி என்பது கருப்பொருளிலும் முழக்கத்திலும் மட்டும் நில்லாது, ஓவியனின் கிண்ணத்திலிருந்த வண்ணத்திற்கும் உரியதாயிற்று.

1931 இல் அவர் நடத்திய கண்காட்சியும் இவ்வகையிற் குறிப்பிடத்தக்கது. கல்கத்தாவின் பாக்பஜார்ப் பகுதியிலிருந்த தம் வீட்டிலேயே அக்கண்காட்சியை அமைத்தார். வங்கக் கிராமத்து வீட்டின் சூழலை உருவாக்கும் நோக்குடன் அவ்வீடு கோலமும் தூபமும் விளக்கும் கொண்டு ஒழுங்கு செய்யப்பட்டிருந்தது. கலை வரலாற்றாசிரியர் ஸ்டெல்லா கிராம்ரிஷ் அதனைத் திறந்துவைத்தார். ஓவியத்தை அது வாழவேண்டிய இடத்திலேயே காணவேண்டும் என்பதே அவ்வேற்பாட்டின் உட்கருத்தெனக் கொள்ளலாம்.

வேலைமுறையிலும் அவர் பட்டுவாக்களையே பின்பற்றினார். புதல்வர்களும் உறவினரும் சேர்ந்து பணியாற்றிய பட்டறையாக அவர் வீடு இயங்கியது. ஒரே படம் மீண்டும் மீண்டும் வரையப்பட்டது. அவர் வகுத்த கோட்டிற் பிறர் வண்ணம் நிரப்பினர். வங்க எழுத்தில் அவருடைய பெயர் பொறிக்கப்பட்டது. மூலப்படம் ஒன்றே, அது ஓவியனின் கையால் மட்டும் ஆனது என்னும் ஐரோப்பியக் கொள்கை இங்கே கைவிடப்பட்டது. விலையும் அதற்கேற்பக் குறைவாக இருந்தது. ஆசிரியர், எழுதுவினைஞர் முதலிய சாதாரண மத்தியதரக் குடும்பத்தவரும் ஒரு படத்தை வாங்கிச் சுவரில் மாட்டக்கூடியதாயிற்று. செல்வந்தரின் கூடங்களை அலங்கரித்த எண்ணெய் வண்ண உருவப்படத்தை வரைந்து பழகிய ஒருவர் இம்முடிவுக்கு வந்தது சாதாரணமானதன்று.

இவருடைய புகழ் 1940களில் உச்சமடைந்தது. கவிஞர்களான விஷ்ணு தே, சுதீந்திரநாத் தத்தர் ஆகியோர் அவரை ஆதரித்தனர். விஷ்ணு தேயும் ஜோன் இர்வினும் இணைந்து எழுதிய நூல் 1944 இல் வெளிவந்தது. போர்க்காலத்தில் கல்கத்தாவிலே தங்கியிருந்த பிரித்தானிய, அமெரிக்க இராணுவத்தினர் அவருடைய படங்களை விரும்பி வாங்கித் தம் நாடுகளுக்கு எடுத்துச் சென்றனர். 1946 இல் இலண்டனிலும் 1953 இல் நியூயோர்க்கிலும் கண்காட்சிகள் நடைபெற்றன. கிறிஸ்தவரல்லாத அவர், இயேசுநாதரின் வாழ்வை, குறிப்பாக இறுதி இராப்போசனத்தையும் சிலுவைப் பாட்டையும் கிராமியப் பாணியில் வரைந்தமை பலருடைய கவனத்தையும் ஈர்த்தது. தமக்குத் தொடர்பற்ற கதையொன்றையும் இம்மொழியாற் கூறமுடியுமா என்று சோதிக்கும் முயற்சியாக அதனைக் கொள்ளலாம். கல்கத்தாவின் புகழ்பெற்ற இனிப்புப் பண்ட வணிகரான கே. சி. தாஸ் குடும்பத்தினருக்காக அவர் வரைந்த 17 இராமாயண ஓவியங்கள் அவருடைய படைப்புகளுள் மிகப் பெரிய தொகுதியாகக் கருதப்படுகின்றன. 1954 இற் பத்மபூஷண் விருதும், 1955 இல் லலித கலா அக்கடமியின் உயர் உறுப்பினர் தகைமையும் அவருக்குக் கிடைத்தன. 1972 ஏப்ரல் 24 ஆந் திகதி கல்கத்தாவிற் காலமானார்.

இச்சாதனைகளை ஏற்றுக்கொள்ளும் அதேவேளையில், அவற்றின் எல்லைகளையும் சுட்டாது விடுதல் வரலாற்று நோக்காகாது. முதலாவது, அவர் வரைந்த கிராமம் எத்தகையது என்னும் வினா. 1943 ஆம் ஆண்டு வங்கப் பஞ்சத்தில் இருபது முதல் முப்பது இலட்சம் வரையிலான மக்கள் மாண்டனர். அவர்களுட் பெரும்பாலோர் கிராமத்து நிலமற்ற தொழிலாளரும் மீனவரும் கைவினைஞருமே. சித்தபிரசாத் மிட்னாப்பூர்க் கிராமங்களிற் திரிந்து பஞ்சத்தை வரைந்தார். அவருடைய 'பசித்த வங்காளம்' என்னும் வெளியீட்டின் பிரதிகளை அரசாங்கம் பறிமுதல் செய்து அழித்தது. சைனுல் ஆபெதீன் கல்கத்தாத் தெருக்களில் வீழ்ந்து கிடந்தோரைக் கறுப்பு மையிற் தீட்டினார். கல்கத்தாக் குழு என்னும் இளம் ஓவியர் அணி அவ்வாண்டிலேயே தோன்றியது. ஜாமினி றோயின் பெயர்பெற்ற ஓவியங்களிலோ தாயின் மடியிற் சேய் கொழுத்திருந்தது; சாந்தால் பெண்கள் கைகோத்து ஆடினர். மாறாத அமைதியுடன் விளங்கிய அவருடைய கிராமம், நகரத்து மத்தியதர வர்க்கத்தின் ஏக்கத்தில் வாழ்ந்த கிராமமாக இருந்ததேயன்றி, மிட்னாப்பூரில் அன்றிருந்த கிராமமாக இருக்கவில்லை.

இக்கூற்றுக்கு ஒரு மறுப்பும் உண்டு. பட்டுவா மரபு நாட்செய்தியைப் பதிவு செய்வதைவிட, நிலைத்த கதையை மீண்டும் மீண்டும் கூறுவதையே முதன்மையாகக் கொண்டது என்றும், அம்மரபைக் கைக்கொண்டவரிடம் செய்தி ஓவியத்தை எதிர்பார்ப்பது முறையன்று என்றும் கூறலாம். இம்மறுப்பு முற்றிலும் ஏற்கத்தக்கதன்று. ஏலோகேசி வழக்கைத் தீட்டிய காளிகாட் ஓவியர், தம் காலத்தின் ஊழலைக் கூர்ந்து நோக்கியவரே. ஜாமினி றோய் அம்மரபின் கோட்டையும் வண்ணத்தையும் பூனையையும் எடுத்துக்கொண்டார். அதன் கேலியைப் பெரும்பாலும் விட்டுவிட்டார். அவர் வரைந்த பூனையின் வாயிலும் இறால் இருந்தது. ஆனால் அதைப் பார்த்து நாணவேண்டிய போலித் துறவி கண்முன் இல்லை.

இரண்டாவது வினா இதைவிடக் கடினமானது. பட்டுவாவின் மொழியாற் பட்டுவா பெற்றது யாது? ஜாமினி றோயின் பெயர் உலகறிந்ததாயிற்று. அவருக்குக் கோட்டைக் கற்பித்த காளிகாட் ஓவியரோ, மிகச் சிலரைத் தவிர, அருங்காட்சியகங்களிற் பெயரற்றவராகவே உள்ளனர். இலண்டன் விக்டோரியா அல்பேர்ட் அருங்காட்சியகத்திற் பெருந்தொகையான காளிகாட் படங்கள் பேணப்படுகின்றன. அவற்றை வரைந்தோரின் வாழ்க்கை பேணப்படவில்லை. மேற்கு மிட்னாப்பூர் மாவட்டத்தின் நயா என்னுங் கிராமத்திற் சித்திரகார் குடும்பங்கள் இன்றும் சுருள் வரைந்து பாடுகின்றன. தொண்டு நிறுவனங்களும் கைவினைச் சந்தைகளும் அவர்களுக்கு வாழ்வளிக்கின்றன. அவர்களுடைய படம் கைவினைப் பொருள் என்னும் பிரிவிலும், ஜாமினி றோயின் படம் நுண்கலை என்னும் பிரிவிலும் விற்கப்படுகின்றன. இரண்டிற்குமிடையிலான விலை வேறுபாடு கோட்டின் தரத்தால் மட்டும் ஏற்பட்டதன்று, கையொப்பத்தினால் ஏற்பட்டது. கல்லூரிகள் உருவாக்கிய தனிமனித ஓவியன் என்னும் நிறுவனத்தைத் தம் பட்டறையில் மறுக்க முயன்ற ஜாமினி றோயினாலும், சந்தையில் அதை மறுக்க இயலவில்லை.

அவர் மறைந்த பின் நிகழ்ந்தவை இதனை நன்கு காட்டுகின்றன. தொல்பொருட்கள், கலைச்செல்வங்கள் பற்றிய 1972 ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ், 1976 இல் அவருடைய படைப்புகள் கலைச்செல்வங்களாக அறிவிக்கப்பட்டன. இவ்வாறு அறிவிக்கப்பட்ட ஒன்பது ஓவியருள் அவரும் ஒருவர். அவருடைய படங்களை இந்தியாவுக்கு வெளியே ஏற்றுமதி செய்தல் தடைசெய்யப்பட்டது. ஒரே படத்தைப் பலமுறை ஆக்கிய அவருடைய முறை, மூலப்படத்தையே தேடும் ஏலச் சந்தையிற் குழப்பத்தை விளைவித்தது. போலிகள் பெருகின, எது அவர் கைபட்டது, எது பட்டறையில் ஆனது, எது பிறர் செய்தது என்னும் ஆராய்ச்சியே தனித்தொழிலாயிற்று. அவர் பிற்காலத்தில் வாழ்ந்த பாலிகஞ்ச் வீட்டை 2023 இற் தனியார் கலைநிறுவனமொன்று அருங்காட்சியகமாக்கும் நோக்குடன் விலைக்கு வாங்கியது. எழுதுவினைஞரின் சுவரிலே தொங்கவேண்டுமென்று குறைந்த விலைக்கு விற்கப்பட்ட படம், எழுதுவினைஞர் எட்டமுடியாத பொருளாயிற்று.

ஆயின் ஜாமினி றோயின் முயற்சி வீணானதா? அவ்வாறு கொள்வதற்கில்லை. மரபு என்பது பழைய கருப்பொருளைப் புதிய முறையில் வரைவது என்றே அவர் காலத்தவர் பலர் எண்ணினர். மரபு என்பது ஒரு வேலைமுறை, ஒரு பொருளாதாரம், ஓவியனுக்கும் வாங்குபவனுக்கும் உள்ள உறவு என்பதை அவர் தம் தொழிலினாற் காட்டினார். வண்ணம் எங்கிருந்து வருகின்றது, எத்தனை கைகள் ஒரு படத்தை ஆக்குகின்றன, அதை யார் வாங்க முடியும் என்னும் வினாக்களை இந்திய நவீன ஓவியத்தின் நடுவே அவர் வைத்தார். அவற்றுக்குத் தனியொரு பட்டறையினால் முழுமையான விடை காண இயலாது போனமை அவருடைய குறையென்பதைவிட அவர் வாழ்ந்த சமூகத்தின் குறையென்பதே பொருந்தும். கையொப்பத்தையும் விலையையும் அளவுகோலாகக் கொண்ட அமைப்பு மாறாதிருக்க, படத்தின் பாணி மட்டும் மாறுவதாற் பட்டுவாவின் நிலை மாறிவிடப்போவதில்லை.

நாட்டார் கலையை மீட்டெடுத்தோம் என்று பெருமிதங் கொள்ளும் எவரும் ஜாமினி றோயின் வரலாற்றிலிருந்து கற்கவேண்டிய பாடம் இதுவேயாகும். கலைவடிவத்தை மீட்பது ஒரு பணி. அவ்வடிவத்தைக் காத்துவந்த மனிதனை மீட்பது மற்றொரு பணி. முதலாவதைச் செய்துமுடித்த நிறைவில் இரண்டாவது மறக்கப்படலாகாது. ஜாமினி றோயின் ஓவியத்தைக் காண்போர், அதன் நீண்ட விழிகளின் அழகில் ஈடுபடும் வேளையில், அவ்விழிகளை முதன்முதல் வரைந்து பாடிச்சென்ற பெயரறியாப் பட்டுவாவையும் நினைவிற்கொள்வாராயின், அதுவே அவ்வோவியரின் நோக்கத்துக்குச் செய்யும் நீதியாகும்.